ஹேஸலுக்கு விழாத ஓட்டு

ஏப்ரல் 11, 2023 – செவ்வாய்

ஓட்டுநர் உரிமம் இன்று தபாலில் போனது. ஜூன் மாதம் எழுபது வயதாகிறது. அதற்கு மேலும் வண்டி ஓட்ட வேண்டுமானால் புதுப் படத்தோடு பழைய அட்டையை அனுப்பி வைக்க வேண்டும். கடைத்தெருவில் காசு போட்டால் படம் எடுக்கும் பெட்டிக்குள் போய் உட்கார்ந்து எடுத்துக்கொண்டேன். வங்கியைக் கொள்ளையடித்தவன் மாதிரி வந்திருக்கிறது. சிரிக்கக் கூடாது என்று அந்த இயந்திரம் சொன்னது, சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொள்ளையடித்துவிட்டுச் சிரிக்கிறவன் மாதிரி வந்திருக்கும்.

"இன்னொரு படம் மிச்சம் இருக்கே, பஸ் பாஸுக்கும் அனுப்பேன். உன் வயசுல எல்லாரும் ஓசியில போறாங்க" என்றாள் ஹேஸல்.

முப்பது வருடத்துக்கும் மேல் ரயிலில் அடுத்தவர்களின் பயணச்சீட்டைச் சோதித்தவன் நான். முதியோர் பாஸை நீட்டிக்கொண்டு கிழவர்களோடு கிழவனாக நான் உட்காரவா? முடியாது என்றேன்.

"அப்ப நீ யாரு, காலேஜ் பையனா?"

நாயை அழைத்துக்கொண்டு வெளியே போனேன். கேப்டன் என்று பெயர் வைத்தோமே தவிர, அது எதற்கும் தலைமை தாங்கியதில்லை.

ஏப்ரல் 15 – சனி

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். என் மனைவி தேர்தலில் நிற்கிறாள். மாவட்ட மன்றத்துக்கு, எங்கள் வெதர்லி வட்டாரத்துக்கு, எந்தக் கட்சியும் இல்லாமல். மில் சந்து நீச்சல்குளத்தை மூடி இடத்தை விற்கப் போகிறார்கள். அங்கே இருபத்தைந்து வருடம் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் அவள். இந்த ஊரில் தண்ணீரில் மூழ்காமல் இருப்பவர்களில் பாதிப் பேர் அவள் தயவில் மிதக்கிறவர்கள். எதிரில் நிற்பவர் ரோலண்ட் ஃபர்த். மூன்று முறை ஜெயித்தவர், குளத்தை மூடலாம் என்கிறவர், மற்றபடி நல்ல மனிதர்.

அவளுக்குத் தேர்தல் முகவர் நான். அவள் கேட்கவில்லை, நானாக எடுத்துக்கொண்ட பதவி.

இன்று ஷபீர் வீட்டுக் கதவைத் தட்டினோம். டாக்சி ஓட்டுகிறவன், அவனுக்கு ஊரில் எல்லோரும் 'பாய்'தான். தேநீர் கொடுத்துவிட்டுச் சண்டை பிடித்தான். இந்த முறையிலிருந்து படம் போட்ட அட்டை இல்லாமல் ஓட்டுப் போட முடியாதல்லவா, அது பற்றி.

"நார்மன் பாய், உங்க வயசு ஆளுங்க பஸ் பாஸ் செல்லுமாம். காலேஜ் போற என் பொண்ணோட ரயில் பாஸ் செல்லாதாம். ரெண்டுலயும் மூஞ்சிதானே ஒட்டியிருக்கு?"

"சட்டம்னா சட்டம். அட்டை காட்டறதுல அப்படி என்ன கஷ்டம்? பொறுப்பு உள்ளவன் பையில வெச்சிருப்பான்" என்றேன்.

ஹேஸல் என் காலை மிதித்தாள். ஓட்டுக் கேட்கப் போன வீட்டில் உபதேசம். பிறகு அவன் பெண் ருக்ஸானாவுக்கு, அட்டை இல்லாதவர்களுக்குத் தரும் இலவசச் சான்றிதழுக்கு நானே உட்கார்ந்து விண்ணப்பித்துக் கொடுத்தேன். ஷபீர் சமாதானமானான். அவன் பெண் சமாதானமாகவில்லை. "ரயில்ல என் பாஸைப் பாத்து ஃபைன் போடறப்ப மட்டும் அது நான்தான்னு நம்பறாங்க, அங்கிள்" என்றாள்.

ஏப்ரல் 25 – செவ்வாய்

சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இன்று கடைசி நாள். ஊர் முழுக்க அலைந்தேன். பாஸ்போர்ட் இல்லாதவர், வண்டி ஓட்டாதவர், போன கோடையில் அட்டையை ஆற்றில் விட்டவர் என்று ஒருவரையும் விடவில்லை. படம் எடுத்து, பெயர் எழுதி, அனுப்பி வைத்தேன். சில பேர் என்னைக் கண்டதும் திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். நல்ல வேளையாகக் கேப்டன் கூட வந்தது. அதற்காகக் கதவைத் திறந்தார்கள்.

இரவு சாப்பிடும்போது ஹேஸல் கேட்டாள்: "உன்னோட அட்டை?"

"பாஸ்போர்ட் இருக்கு. புத்தம் புதுசு. நீலம்."

பாஸ்போர்ட்டின் பழைய சிவப்பு மேலட்டைக்குப் பதில் நாட்டுக்கு மீண்டும் நீல மேலட்டை வந்தபோது இந்தத் தெருவில் அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். அதை எடுத்துக்கொண்டு இன்னும் ஓர் ஊருக்கும் போகவில்லை.

மே 2 – செவ்வாய்

வியாழக்கிழமை அவசரத்தில் மறந்துவிடக் கூடாது என்று பாஸ்போர்ட்டைத் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டேன். முகவர் என்றால் சும்மாவா.

மே 5 – வெள்ளி, காலை

நேற்று. எப்படி எழுதுவது. மானம் கப்பலேறிப் போச்சு.

காலை ஏழு மணியிலிருந்து வாக்காளர்களை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய் எங்கள் ஓட்டுச்சாவடியான மெத்தடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் விடுவதும் திரும்பக் கூட்டி வருவதுமாக இருந்தேன். ஒவ்வொருவரிடமும் "அட்டை எடுத்தாச்சா?" என்று கேட்டேன். மறந்து வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பிக்கூட இருக்கிறேன், "இப்பவே போய் எடுத்துட்டு வாங்க" என்று. சாயந்திரம் ஹேஸல் காரை எடுத்துக்கொண்டு மேட்டுத்தெருச் சாவடிக்குப் போனாள். அவள் ஓட்டு மத்தியானமே ஆகிவிட்டது. என் ஓட்டு மட்டும்தான் பாக்கி. சாவடி இரவு பத்து மணி வரை. ஒன்பது மணி தாண்டி வீட்டுக்கு வந்து, அலமாரி டிராயரைத் திறந்து, நீலமாக இருந்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கேப்டனையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு எதற்குக் கண்ணாடி, நான் காலேஜ் பையன்தானே.

சாவடி அதிகாரி மேவிஸ். அடுத்த வீட்டுக்காரி. நாங்கள் ஊருக்குப் போனால் எங்கள் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள். பெருமையாக மேசைமேல் வைத்தேன். திறந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"நார்மன், உங்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்குன்னு இதுல இருக்கு."

"என்னது?"

"ரோமம் கறுப்பு. பால் ஆண். அது ஒண்ணுதான் உங்களுக்குப் பொருந்துது."

கேப்டனுடைய பாஸ்போர்ட், எல்லை தாண்டும் நாய்களுக்குக் கொடுப்பது. சில வருடங்களுக்கு முன் கேரவனில் பிரான்சுக்குப் போனபோது வாங்கியது. நாய்க்கு அப்போதே நீலம். உள்ளே அதன் படம். சொல்லக் கூடாது, அந்தப் படம் என் படத்தைவிட நன்றாக இருக்கிறது.

பின்னால் வரிசையில் நின்றவர்களில் ஒருவர் எங்கள் மதுக்கடை முதலாளி. அவருக்குத் தெரிந்தால் அது ஊருக்குத் தெரிந்த மாதிரி. அவர் சிரித்த சிரிப்பில் ஓட்டுப்பெட்டி ஆடியிருக்கும்.

"மேவிஸ், நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். இந்த வரிசையில இருக்கற எல்லாருக்கும் தெரியும். ஆனா நான் பார்க்க வேண்டியது உங்க மூஞ்சிய இல்ல, மூஞ்சி போட்ட அட்டைய. ரயில்ல ஒரு தடவை என் பாஸ் முடிஞ்சு ரெண்டு நாள் ஆயிருந்தப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

சட்டம்னா சட்டம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்லியிருப்பேன்.

ஷபீரைக் கூப்பிட்டேன். பறந்து வந்தான். வீட்டில் டிராயர், பீரோ, ரொட்டிப் பெட்டி எல்லாவற்றையும் கவிழ்த்தேன். பத்திரமாக எடுத்து வைத்தது நினைவிருக்கிறது, எங்கே என்பதுதான் இல்லை. கையும் ஓடல, காலும் ஓடல. "பாய், பொறுப்பு உள்ளவன் பையில வெச்சிருப்பான்னு யாரோ சொன்னாங்களே" என்று ஷபீர் வாசலில் நின்றபடி சொன்னான். அவனை அடிக்கப் போனேன். ஆனால் அவன் சொன்னது சரிதான். பைதான். ஓட்டுப் போடப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று தேய்த்து மாட்டியிருந்த நல்ல கோட்டின் பையில் இருந்தது. அலுப்பில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் போய்விட்டேன்.

திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது கூடத்துக் கதவில் சாவி திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே மேவிஸ் பெட்டிக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தாள். கதவுக் கண்ணாடி வழியாகப் பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டினேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கோபமாக இல்லை, பாவமாக.

வீட்டுக்கு வந்து ஹேஸலிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டு, "அப்ப நீ எனக்குப் போடவே இல்லையா?" என்றாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு ஓட்டுதானே என்றேன்.

மே 5 – மாலை

412. 412.

மூன்று முறை எண்ணினார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு கட்டும் ஒரே உயரத்தில் நின்றன. மேசையைச் சுற்றி நின்ற எல்லோரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மதுக்கடை முதலாளி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும் என்பது சட்டம். தேர்தல் அதிகாரி இரண்டு பெயர்களையும் எழுதி, ஒரே மாதிரி உறைகளில் போட்டு, காலியாயிருந்த ஓட்டுப்பெட்டி ஒன்றில் இட்டு, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு எடுத்தார். ரோலண்ட் ஃபர்த். சீட்டு விழுந்தவர் கணக்கில் ஓர் ஓட்டைக் கூட்டிப் படிப்பார்களாம். 413 என்று படித்தார்கள்.

ஹேஸல் போய் ரோலண்டுக்குக் கை கொடுத்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

மே 6 – சனி

மன்னருக்கு முடிசூட்டு விழா. எங்கள் தெருவில் நீள மேசை போட்டு விருந்து. எதிர்பார்த்தபடி மழை. முட்டை சாண்ட்விச் எல்லாம் ஊறிப்போயிற்று, ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. நனைவதைக் கௌரவமாக நினைக்கிற ஜனம் நாங்கள்.

என் தட்டுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, 'நார்மன்' என்று எழுதியிருந்தார்கள். குழந்தைகள் என்னைக் கண்டால் குரைக்கிறார்கள். பெரியவர்கள் அதட்டுவது மாதிரி அதட்டிவிட்டு அவர்களும் குரைக்கிறார்கள். அசடு வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஷபீர் ஒருவன்தான் குரைக்கவில்லை. அவன் பெண் என் எதிரில் வந்து உட்கார்ந்து தன் சான்றிதழை மேசைமேல் வைத்தாள். "நான் போட்டுட்டேன் அங்கிள்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குக் குரைப்பே தேவலை.

ரோலண்ட் குடையைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். தன் தோட்டத்து ருபார்புத் தண்டு ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார், ஆறுதலுக்கு.

"ஹேஸல், உங்களுக்கு நியாயமா கிடைக்க வேண்டியது. நான் சும்மா சொல்லல. எனக்கு நானே போட்டுக்கலைன்னா நான் தோத்திருப்பேன்."

"உங்களுக்கு நீங்களே போட்டுக்கிட்டீங்களா?" என்றாள் ஹேஸல்.

"பின்ன? எனக்கு நான் போடலைன்னா வேற யாரு போடுவா? என் பொண்டாட்டிய நம்ப முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஹேஸலின் முகம் மேசைவிரிப்பு மாதிரி வெளுத்துவிட்டது. ருபார்பை எடுத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். என்மேல் உள்ள கோபம் இப்போதுதான் வெளியே வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மே 9 – செவ்வாய்

ஓட்டுநர் உரிமம் தபாலில் வந்துவிட்டது. ஐந்து நாள் முன்னால் வந்திருந்தால் செத்தா போயிருக்கும்?

மே 14 – ஞாயிறு

பஸ் பாஸுக்கு விண்ணப்பித்தேன். ஹேஸலிடம் சொன்னேன், சிரிப்பாள் என்று. "நல்லது" என்றாள்.

அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ஆட்டுக்கறியை மாவுக்குள் வைத்துச் சுடும், எனக்குப் பிடித்த 'பை' செய்கிறாள். தேநீரைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறாள். தெருவில் யாராவது குரைத்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள். நான் செய்த காரியத்துக்கு இவள் ஏன் தலை குனிய வேண்டும் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது.

ஜூன் 21 – புதன்

குளத்தை மூடுகிறார்கள். இன்று மன்றத்தில் முடிவாயிற்று.

நாங்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஒரே ஓட்டு வித்தியாசம். ரோலண்ட் மூடுவதற்குக் கை தூக்கினார், எங்கள் பக்கம் பார்க்காமல். அந்த நாற்காலியில் ஹேஸல் இருந்திருந்தால் அந்த ஒரு ஓட்டு இந்தப் பக்கம் வந்திருக்கும். கணக்கு அவ்வளவு சுலபம், கீழே இறங்குவதற்குள் எல்லோரும் போட்டுவிட்டார்கள். படிக்கட்டில் ஒருவன் என் காதுபடவே சொன்னான்: "நாயக் கூட்டிட்டுப் போனவன் நாயையே போடச் சொல்லியிருக்கலாம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஜூன் 22 – வியாழன்

எழுத உட்கார்ந்து அரைமணி ஆகிறது. கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

காலையில் ஹேஸல் சமையலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் மண்டியிட்டு, மறுபடி மன்னிப்புக் கேட்டேன். என் ஒரு ஓட்டால் உன் குளம் போயிற்று என்றேன்.

"நிறுத்து நார்மன். இனி என்னால முடியாது. நான் ரோலண்டுக்குப் போட்டேன்."

"எதைப் போட்டே?"

"ஓட்ட."

எனக்குப் புரியவில்லை. உண்மையிலேயே புரியவில்லை. பேய் முழி முழித்துக்கொண்டு நின்றேன்.

"பென்சில கையில எடுத்தேன். என் பேரு அங்க அச்சடிச்சு இருக்கு. அதுக்குப் பக்கத்துல நானே பெருக்கல் குறி போடறதா? கூசிச்சு. அப்பா பந்து விளையாட்டு கிளப்புல அத்தனை வருஷம் தலைவரா இருந்தார். ஒரு தடவைகூடத் தனக்குத் தான் கை தூக்கினதில்ல, எதிர்ல நிக்கறவருக்குத்தான் தூக்குவார். அதுதான் மரியாதைன்னு எங்களை வளத்தார். ரோலண்டும் அப்படித்தான் எனக்குப் போடுவார்னு நெனச்சேன்."

"அட கடவுளே, ஹேஸல்."

"அதோட, நீ எனக்குப் போடுவேன்னு தெரியும். என்னோட ஒண்ணும் உன்னோட ஒண்ணும் சரிக்கட்டிடும்னு நெனச்சேன். நீ போய் நாயோட பாஸ்போர்ட்ட நீட்டுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கத்தினேன். ஏழு வாரம்! ஏழு வாரமா ஊரே என்னைப் பாத்துக் குரைக்குது, நீ ஆட்டுக்கறிப் பை சுட்டுப் போட்டுக்கிட்டு இருந்தியா? நான் ஒருத்தன் பாஸ் வாங்கிக்கிட்டு பஸ்ஸுல தலைய மறைச்சுக்கிட்டுப் போறேன், நீ பாத்துக்கிட்டே இருந்தியா? — இப்படியெல்லாம். கேப்டன் மேசைக்கு அடியில் போய்விட்டது. "சொல்ல வாய் வரல. அந்தக் குழந்தைங்க முகத்தை நான் எப்படிப் பாப்பேன்?" என்று மட்டும் சொன்னாள்.

கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனேன். கால்வாய்க் கரையில் நடந்தபடியே கணக்குப் போட்டேன். நான் போட்டிருந்தால் ஒரு ஓட்டில் ஜெயித்திருப்பாள். நான் போடாமலேயே, அவள் தனக்குப் போட்டிருந்தால் இரண்டு ஓட்டில் ஜெயித்திருப்பாள். ஆக, அவள் தப்பு என் தப்பைப்போல் இரண்டு மடங்கு. இதை எழுதும்போது எவ்வளவு சுகமாக இருக்கிறது! மறுபடி ஒரு தடவை எழுதிக்கொள்கிறேன்: இரண்டு மடங்கு.

சரி. படம் போட்ட அட்டையை நீட்டி, நான்தான் ஹேஸல் என்று நிரூபித்துவிட்டு உள்ளே போனவள், அந்தப் பலகை மறைப்புக்குள் நின்றுகொண்டு, யாரும் பார்க்காத இடத்தில், தன் பெயரைப் பார்த்துக் கூசியிருக்கிறாள். எனக்கு அப்படி ஒரு நாளும் கூசியதில்லை. முகவர் பதவியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டவன் நான். என் பெயர் அங்கே இருந்திருந்தால் இரண்டு பெருக்கல் குறி போட்டிருப்பேன்.

திரும்பி வந்தேன். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தேநீர் போட்டேன். இருவரும் குடித்தோம்.

ஜூலை 29 – சனி

குளத்துக்கு இன்று கடைசி நாள்.

மத்தியானம் கதவை மூடினார்கள். ஈரத்தலையோடு குழந்தைகள், துண்டைத் தோளில் போட்ட அம்மாக்கள், சின்ன வயதில் ஹேஸலிடம் கற்றுக்கொண்ட பெரிய ஆட்கள் என்று மில் சந்து நிறைந்து நின்றது. சிலர் அழுதார்கள். ஹேஸல் எல்லோரையும் கட்டிக்கொண்டாள். நான் கொஞ்சம் தள்ளிச் சுவர் ஓரமாக நின்றேன். இப்போதெல்லாம் அப்படி நிற்கத்தான் வசதி.

கெர்ரி என்கிற பெண் தன் சின்னவனை இழுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். ஹேஸலிடம் கற்றுக்கொண்டவள்தான் அவளும்.

"ஒரே ஒரு ஓட்டு, மிஸ்டர் ஹர்ஸ்ட். இவன் இன்னும் மிதக்கக்கூடக் கத்துக்கல. இனிமே பக்கத்து டவுனுக்கு ரெண்டு பஸ் மாறிப் போகணும். என்கிட்ட கார் கிடையாது. உங்களால ஒரு அட்டைய ஒழுங்கா எடுத்துட்டுப் போக முடியலையா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹேஸல் வேகமாக எங்கள் பக்கம் வந்தாள்.

"கெர்ரி, அவரைச் சொல்லாத. உண்மை என்னன்னா, நான்தான்..."

அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிடுவாள். இத்தனை பேர் முன்னால், இன்றைக்கு, இந்த வாசலில் நின்று சொல்லிவிடுவாள்.

"நான்தாம்மா காரணம்" என்றேன், சந்துக் கோடி வரைக்கும் கேட்கிற குரலில். ரயிலில் பழகிய குரல், இன்னும் போகவில்லை. "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நான் கோட்டை விட்டேன். என் தப்புதான். வேற யாரும் இதுல இல்ல. மன்னிச்சுக்க."

கெர்ரி என்னையே பார்த்தாள். மன்னித்த மாதிரித் தெரியவில்லை. பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"நார்மன்..." என்றாள் ஹேஸல்.

"சாவியக் குடுத்துட்டு வா. நான் நிக்கறேன்."

உள்ளே போனாள். வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது கண் சிவந்திருந்தது. எங்கள் ஊரில் எங்கள் வயதுக்காரர்கள் தெருவில் கைகோத்துக்கொண்டு நடப்பதில்லை, நாங்களும் நடந்ததில்லை. அவள் என் கையைக் கோத்துக்கொண்டாள். வழியில் எதிரே வந்த இரண்டு பேர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் கையை எடுக்கவில்லை.